பதினொன்றாம் எண் சிலையின் வலக்கை

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, வேம்படித்துறை அருங்காட்சியகத்தின் கிரேக்கக் கூடத்தில் இருந்த பதின்மூன்று பளிங்குச் சிலைகளில் ஒன்றுக்கு வலக்கை வந்திருப்பதை முதலில் கண்டவள், அங்கே தூசி துடைக்கும் வேலையில் இருந்த சௌந்தரம். நடுவில் நிற்கும் ஏழாம் எண் சிலை அது. அதன் வலக்கை முழங்கையோடு முடிந்துவிடும் என்பது, ஆறு வருடப் பழக்கத்தில், அவளைவிட அவள் துணிக்கு நன்றாகத் தெரியும். அன்று துணி முழங்கையில் நிற்கவில்லை. அதைத் தாண்டி முன்கையில் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, ஐந்து விரல்களுக்கு இடையிலும் போய்வந்தது. துடைக்க ஆரம்பித்ததைப் பாதியில் விட அவளுக்குப் பழக்கமில்லை என்பதால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்து முடித்தாள், பிறகு எட்டாம் எண்ணுக்குப் போனாள், பதின்மூன்றையும் முடித்துக் கை கழுவிய பிறகுதான் காப்பாட்சியர் ஆராவமுதனின் அறைக்குப் போய், கூடத்தில் ஒரு மின்விசிறி ஓடவில்லை என்றும் ஏழாம் நம்பருக்குக் கை வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

"எந்தக் கை?" என்றார் ஆராவமுதன்.

"வலது, சார்."

அவர் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பார்த்தார். பழைய பளிங்கும் புதிய பளிங்கும் சேர்ந்த இடத்தில் மயிரிழை அளவுகூடக் கோடு இல்லை. "ஃபேனுக்கு நாளைக்கு ஆள் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிலைகள் வேம்படித்துறைக்கு வந்தது 1887இல். பருத்தி ஏற்ற வந்த ஒரு கிரேக்க வியாபாரி, வெறுங்கப்பல் அலையில் புரளாமல் இருக்க அடிப்பாரமாகப் போட்டுக்கொண்டுவந்த கற்கள் அவை. எந்தத் தீவின் எந்தக் கோவிலிலிருந்து பெயர்த்தவை என்று சொல்லும் முன்பே அவன் காலராவில் செத்துப்போனான். கலெக்டர் ஒருவர் அவற்றை உப்புக் கிடங்கு ஒன்றில் ஏற்றி நிறுத்திப் பெயர்ப்பலகை மாட்ட, ஊர் அந்தக் கிடங்கைச் 'செத்த காலேஜ்' என்று கூப்பிட்டுப் பழகியது. பள்ளிப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஆராவமுதன் ஒரே பாடத்தைச் சொல்வார்: இது கோவில் முகப்பு, முக்கோணம், கல்யாண வீட்டுக்கு விருந்துக்கு வந்த பாதி மனிதர் பாதிக் குதிரைகள், குடித்துவிட்டுப் பெண்களைக் கைப்பிடித்து இழுத்ததில் வந்த சண்டை, நடுவில் உயரமாக நிற்பவர் கடவுள், அவர் கை நீட்டினால் சண்டை நிற்கும், ஓரத்துக்குப் போகப்போக இடம் குறைவு, ஆகவே குனிந்தவர்கள், முட்டி போட்டவர்கள், கடைசியில் படுத்துக் கிடப்பவர்கள். கடவுளின் நீட்டிய கைதான் உடைந்துபோயிருந்தது என்பதால், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குச் சண்டை எப்படி நின்றது என்பது விளங்கியதில்லை. மொத்தம் எட்டுச் சிலைகளுக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. கப்பலில் வலப்பக்கமாகச் சாய்த்து அடுக்கியதால் அப்படி ஆனது என்பார் ஆராவமுதன். எட்டில் ஒன்றுக்கு வந்துவிட்டது, மிச்சம் ஏழு.

அதே செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, ஊருக்கு வடக்கே நாலு கிலோமீட்டரில், கார்க் கதவுகளுக்குக் கீல் அடிக்கும் கம்பெனியில், மாசிலாமணி என்ற இருபத்தெட்டு வயதுக்காரனின் வலக்கை பிரஸ்ஸுக்குள் போயிருந்தது.

கீல் கம்பெனியின் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் கை இருக்க வழியில்லை. மெஷினைச் செய்தவன் யோசித்துச் செய்தது அது. ஆனால் அப்படி அடித்தால் ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு கீல்தான் விழும், சூப்பர்வைசர் கேட்பது ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆகவே வலப்பக்கப் பொத்தானைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுகக் கட்டி, எப்போதும் அழுந்தியபடியே விட்டுவிடுவார்கள். இடக்கை பொத்தானை அடிக்கும், வலக்கை தகட்டை வைத்து எடுக்கும், வைத்து எடுக்கும். கட்டிய ட்யூப் அறுந்துபோனால் உடனே மாற்றுவதற்கு இன்னொரு துண்டை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் கற்றுக்கொள்ளும் வேலை அது.

மாசிலாமணியின் கைமேல் இறங்கிய அச்சைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ரத்தம் இருந்தது, கை இல்லை. மெஷினுக்கு அடியிலும் கழிவுத் தகட்டுத் தொட்டியிலும் தேடினார்கள். இரண்டாவது ஷிஃப்ட் வருவதற்குள் ரத்தத்தையும் கழுவிவிட்டதால், பர்சனல் மேனேஜர் கோதண்டம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, அச்சுக்கு அடியில் கை இல்லாதபோது அச்சுக்கு அடியில் விபத்து நடந்ததாக எப்படி எழுதுவது என்று மாசிலாமணியிடமே யோசனை கேட்டார்.

ஒன்பதாம் நாள், ஐந்து ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மாசிலாமணியின் பெண்டாட்டி பேச்சி கிரேக்கக் கூடத்துக்கு வந்தாள். செத்த காலேஜில் ஒரு சிலைக்குக் கை முளைத்த பேச்சு மீன் சந்தை வரைக்கும் வந்திருந்தது. அவள் மற்ற எதையும் பார்க்காமல் நேரே ஏழாம் எண்ணிடம் போய், கடவுளின் முன்கையின் உட்பக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். பச்சை குத்திய எழுத்து பளிங்கில் பள்ளமாக இறங்கியிருந்தது: பேச்சி.

"யக்கா," என்று சௌந்தரத்தைக் கூப்பிட்டாள், "இது எங்க வீட்டு ஆளு கை."

சௌந்தரம் அவளை உட்காரச் சொல்லி, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தாள்.

"கல்யாணமான புதுசுல திருவிழாவுல குத்திட்டு வந்தாவ. 'ச்'சுக்குப் புள்ளி வைக்க விட்டுட்டான்னு நான் சண்டை போட்டேன். மறுநா போயி வச்சிட்டு வந்தாவ. பாருங்க, அந்தப் புள்ளி தனியா தள்ளி இருக்கும்."

தள்ளித்தான் இருந்தது. மணிக்கட்டில் ட்யூப் துண்டும் இருந்தது, ஓரத்தில் போட்ட பஞ்சர் ஒட்டு வரைக்கும் பளிங்கில். பேச்சி அதையும் எம்பித் தொட்டுப் பார்த்தாள்.

தலைமை அலுவலகத்துக்கு ஆராவமுதன் எழுதிய கடிதத்துக்கு இரண்டு மாதத்தில் பதில் வந்தது. காட்சிப்பொருள் கூடினால் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், வந்த வழியைக் குறிப்பிட வேண்டும், வழிகள் மூன்று: விலைக்கு வாங்கியது, புதையலில் கிடைத்தது, அன்பளிப்பு. ஆராவமுதன் ஒரு முழு மத்தியானம் பேனாவை மூடியும் திறந்தும் வைத்திருந்துவிட்டு, 'அன்பளிப்பு' என்று எழுதினார்.

மாசிலாமணி காயம் ஆறியதும் வர ஆரம்பித்தான். சனிக்கிழமைதோறும் வருவான், டிக்கெட் எடுப்பான், ஏழாம் எண்ணுக்கு எதிரே நிற்பான். ஒரு மாதம் அப்படியே போனது. ஒருநாள், கூடத்தில் வேறு யாரும் இல்லாதபோது, இல்லாத கையைக் கொஞ்சம் தூக்குவதுபோல் தோளை அசைத்துக்கொண்டு, சௌந்தரத்திடம் வந்தான்.

"யக்கா, தப்பா நெனைக்காதீய. உள்ளங்கையில அரிக்குது. மூணு நாளா உறக்கம் இல்ல. கொஞ்சம் சொறிஞ்சு விடுவீயளா?"

"ஸ்டூல் போட்டா எட்டும். ஏன், நீயே சொறிஞ்சுக்கிட வேண்டியதுதானே?"

"நான் தொட்டா தப்பு, போர்டுல எழுதியிருக்குல்லா. நீங்க தொட்டா துடைக்கிறது."

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, கடவுளின் உள்ளங்கையை நகத்தால் சொறிந்தாள். கீழே மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு, "கொஞ்சம் கட்டைவிரல் பக்கம்," என்றான். அதன்பிறகு சனிக்கிழமைகளில் அதுவும் அவள் வேலையாயிற்று. சொறிந்து முடித்ததும் அவன் ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தைச் சொல்வான்: "அந்த மணிக்கட்டுல இருக்கு பாருங்க, ட்யூப்பு. அதுதான் எல்லாம்." அவளும் ஒவ்வொரு முறையும், "ஆமா, அதுதான்," என்பாள்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர், மாசிலாமணி போட்ட ஏழு மனுக்களுக்குப் பிறகு, ஜீப்பில் வந்து ட்யூப்பைப் பார்த்து ஆமாம் என்றார். பிறகு அதை விரலால் தட்டிப் பார்த்து, இது ரப்பர் இல்லையே, கல்லாயிற்றே என்றார். அருங்காட்சியகத்தின் கையேட்டைப் புரட்டி, இந்தத் தொகுதி இரண்டாயிரத்து நானூறு வருடம் பழமையானது என்று போட்டிருக்கிறது, அப்போது கம்பெனி இல்லை என்றும் சொன்னார். ஆராவமுதன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடத்தில் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்: மணிக்கட்டில் இருப்பது அக்கால கிரேக்கர் அணிந்த காப்பு. உள்ளூர்க் கல்லூரி ஒன்று, கடவுளின் கையில் இருக்கும் தமிழ் எழுத்தை வைத்து, கிரேக்கத்தில் பேச்சியம்மன் வழிபாடு என்று இரண்டு நாள் கருத்தரங்கம் நடத்தி, பதினாறு கட்டுரைகள் வாசித்து, எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்தது. பேச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து இரண்டு நாளும் கேட்டாள். கேள்வி நேரத்தில் எழுந்து, "அது என் பேரு," என்றாள். தலைமை வகித்தவர் அவளுக்கு நன்றி சொல்லி, மரபு இன்றும் வாழ்கிறது என்பதற்கு இந்த அம்மாவே சான்று என்றார்.

இரண்டாவது கை அடுத்த மார்ச்சில் வந்தது, மூன்றாவது ஆகஸ்டில். நான்காவது கையில் மருதாணி போட்டிருந்தது. பளிங்கில் நிறம் வராது, ஆனால் பூக்கொடி பள்ளமாக விழுந்திருந்தது. பெண்ணைப் பிடித்து இழுக்கும் ஒரு குதிரை மனிதனுக்கு அந்தக் கை வாய்த்தது. ஒவ்வொரு கையும் உடைந்த இடத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியதால், ஊருக்கு ஒரு யோசனை பிடிபட்டது. கீல் கம்பெனியில் வேலை கிடைத்தவர்கள் சேரும் முன் செத்த காலேஜுக்கு வந்து, தங்கள் முழங்கையின் சுற்றளவை மீதி இருக்கும் சிலைகளின் முழங்கையோடு அளந்து பார்த்தார்கள். பொருந்தாவிட்டால் சாமி கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், பொருந்தினால் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், மாப்பிள்ளை கீல் கம்பெனி என்றால், எந்த நம்பருக்கும் சேராத கைதானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். இஞ்சு டேப் சௌந்தரத்தின் மேசை இழுப்பறையில் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக்கொடுத்தாள்.

அந்த டேப்பால் அவள் முதலில் அளந்தது தன் மகள் இந்துஜாவின் கையை. இந்துஜா மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள், அவள் படித்த படிப்புக்கு ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில் கீல் கம்பெனியைத் தவிர வேறு வாசல் இல்லை. அவளுடைய வலது முழங்கையின் சுற்றளவு எட்டே முக்கால் இஞ்சு. பதினொன்றாம் எண்ணின் முழங்கையும் எட்டே முக்கால். முகப்பின் வலது ஓரத்தில், உயரம் குறைந்துபோன இடத்தில், முட்டி போட்டுக்கொண்டு, கூந்தலைக் குதிரை மனிதன் பிடியில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் வேலைக்காரப் பெண் அவள். சௌந்தரம் மூன்று முறை அளந்தாள். டேப் ஒரு நூல்கூட மாறவில்லை.

"எம்மா, கை அளவு பாத்து வேலைக்கு விடுற ஊரு ஒலகத்துலயே நம்ம ஊருதான்," என்றாள் இந்துஜா.

"இருந்துட்டுப் போட்டும். அந்தப் பதினொண்ணு நெறையட்டும், போ."

"நெறையணும்னா யாராவது குடுக்கணும்லா?"

சௌந்தரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். இந்துஜா வீட்டிலேயே இருந்து நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள்.

கண் சரியில்லாதவர்கள் கோவிலுக்குக் கண்மலரும், கால் முடியாதவர்கள் தகரத்தில் காலும் வாங்கிப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மாதா கோவிலிலும் உண்டு, அம்மன் கோவிலிலும் உண்டு. கல் கேட்பது கையைத்தானே, மண்ணில் செய்து கொடுத்துவிட்டால் என்ன என்று யாரோ கேட்டார்கள். சுட்ட மண்ணில் வலக்கைகள் செய்து, மாவுப்பசை தடவி, காலியாக இருக்கும் முழங்கைகளில் கொண்டுவந்து ஒட்டினார்கள். சாயங்காலம் கூடம் பூட்டும்போது ஆராவமுதன் அவற்றை எடுத்துத் தோட்டத்தில் அடுக்கச் சொல்வார், மறுநாள் புதுக் கைகள் வரும். கோதண்டம் இதைக் கேள்விப்பட்டு மிகவும் மகிழ்ந்தார். அந்த வருட ஆயுத பூஜைக்கு, மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, மேளம் வைத்து, கம்பெனி செலவில் மண் கைகளை ஊர்வலமாகக் கொண்டுவந்தார். "தொழிலாளர் பாதுகாப்புக்கு நிர்வாகம் செய்யாதது எதுவும் இல்லை," என்று கூடத்தில் நின்று பேசினார். மாசிலாமணி போட்ட வழக்கில் நிர்வாகத்தின் பதிலும் அதற்கேற்ப மாறியிருந்தது: முன்பு விபத்து நடக்கவில்லை என்றது, இப்போது நடந்தது, ஆனால் கேட்டது கல், இதில் மெஷினின் பங்கு ஒன்றுமில்லை என்றது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த நியாயம் சரியாகவே பட்டது. கல்லைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மெஷினை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு, பார்த்தவர்கள் அங்கே வேலை பார்ப்பவர்கள்.

பதினொன்றாம் எண்ணின் மண் கையை மட்டும் ஆராவமுதன் எடுக்கச் சொல்லவில்லை. அது யார் வைத்தது என்று அவருக்குத் தெரியும். சௌந்தரம் அதைத் தினமும் துடைத்து, பசை காய்ந்தால் புதிதாகத் தடவி, இரண்டரை வருடம் காப்பாற்றினாள்.

2013 ஆகஸ்டில் எட்டு இடங்களில் ஏழு நிறைந்துவிட்டன. மிச்சம் பதினொன்று ஒன்றுதான். ஆண்கள் பயமில்லாமல் வேலைக்குப் போனார்கள், அவர்கள் கை அதற்குப் பெரிது. ஒல்லிக் கை உள்ள பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும் டேப்பைக் கேட்டு வந்தார்கள். செப்டம்பர் மூன்றாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் மாலை ஆராவமுதன் சௌந்தரத்தின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஒருநாள் அதை எடுத்து வைத்துவிடு," என்றார். அவள் மண் கையைக் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, இழுப்பறையில் டேப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டுக்குப் போய் இந்துஜாவை நாளைக்கு வெளியே எங்கும் போகக்கூடாது என்றாள்.

மறுநாள் காலை பதினொன்றாம் எண்ணுக்குக் கை இருந்தது. மெல்லிய கை, சுண்டுவிரல் நகம் மட்டும் நீளமாக வளர்த்தது, மணிக்கட்டில் ட்யூப். சௌந்தரம் துணியோடு அதன் முன் நின்றாள். யாருடையது என்று தெரியாது, தன் மகளுடையது இல்லை, அவள் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மத்தியானம் கடைத்தெருவுக்குப் போய் கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கினாள். பொட்டலத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் தான் என்ன வாங்கியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கை வசந்தமலருடையது. பத்தொன்பது வயது, ஹாஸ்டலில் வளர்ந்தவள், அளந்து பார்க்க ஆள் இல்லாதவள். மூன்று வாரம் கழித்துத் தனியாக வந்து பதினொன்றாம் எண்ணைப் பார்த்தாள்.

"தொட்டுக்கிடலாமா யக்கா?"

"தொட்டுக்கோ."

வசந்தமலர் இடக்கையால் அந்த நீளமான நகத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "ஒடையாம இருக்கு," என்றாள். சௌந்தரத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டாள்.

அக்டோபரில் ஊரே பாரத்தை இறக்கிவைத்த நிம்மதியோடு இருந்தது. மாதா கோவிலில் நன்றித் திருப்பலி நடந்தது, அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார்கள். நூற்று இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு முகப்பு மறுபடி முழுமையடைந்தது என்று ஆராவமுதன் புதிய கையேடு எழுத ஆரம்பித்தார். கீல் கம்பெனி வாசலில் 'இனி ஆபத்து இல்லை' என்று பேனர் கட்டி, எல்லோருக்கும் ஒரு டப்பா லட்டு கொடுத்தார்கள். ஆபத்து தீர்ந்துவிட்டதால், ஷிஃப்டுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருந்த இலக்கை இரண்டாயிரத்து இருநூறாக உயர்த்தினார்கள்.

மாசிலாமணி சனிக்கிழமை வந்தபோது, சௌந்தரம் சொறிந்துவிட்டு இறங்கி, மகளுக்குக் கீல் கம்பெனி ஆர்டர் வந்திருக்கும் சேதியைச் சொன்னாள். விஜயதசமியன்று சேர்கிறாள்.

"எந்த செக்ஷன்?"

"பிரஸ்ஸு. டிரெய்னியாத்தான் எடுத்திருக்காவ."

அவன் ஏழாம் எண்ணின் மணிக்கட்டைப் பார்த்தான். "எடம் நெறைஞ்சு போச்சுன்னு கல்லுக்குத் தெரியும்க்கா. மெஷினுக்கு யாரு சொன்னா?"

"ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா? நாலு வருசமா ஒரே பாட்டு."

"பாட்டை மாத்தணும்னா ட்யூப்பைக் கழட்டணும்."

"போ, கடைசி பஸ்ஸு போயிரும்," என்றாள் சௌந்தரம். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

இந்துஜா நீல யூனிஃபார்மில் போனாள், நீல யூனிஃபார்மில் வந்தாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு முட்டிவலித் தைலமும், தனக்கு ஒரு ஹெட்செட்டும் வாங்கினாள். வீட்டில் மெஷின் சத்தம்போலவே விடாமல் பேசினாள்: லைனில் இருக்கும் பெண்கள் எப்படி, சூப்பர்வைசர் எப்படி வாயைக் கோணுவார், மதியச் சாம்பார் எப்படித் தண்ணீர். சௌந்தரத்துக்குக் கேட்கக் கேட்க நிறைவாக இருந்தது. ஐந்தாவது வாரம் ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த மகளின் வலது மணிக்கட்டில் கறுப்பாக என்னவோ கிடந்தது.

"இது என்னட்டி?"

"ட்யூப்புமா. மெஷின்ல கட்டுனது அறுந்தா டக்குன்னு மாத்த. எல்லாருமே போட்டிருப்பாவ. கழட்ட மறந்துட்டேன்."

சௌந்தரம் தட்டை வைத்துவிட்டு அதைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த சாமான்போல் இருந்தது. எட்டு மணிக்கட்டுகளில், நாலு வருடமாக, வெள்ளிக்கிழமை விடுமுறை தவிர ஒவ்வொரு நாளும், ஈரத்துணியால் மடிப்பு மடிப்பாக அவள் துடைத்த சாமான் அது. வெள்ளையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கறுப்பில் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நாளைக்குப் போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தாள். கல்லில் இடம் இல்லை, எட்டும் நிறைந்துவிட்டது, அவளே எண்ணியிருக்கிறாள், அவளே துடைத்திருக்கிறாள்.

"எம்மா, சோறு."

"அதைக் கழட்டி வச்சிட்டுச் சாப்புடு," என்றாள் சௌந்தரம்.

இந்துஜா கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். காலையில் மறக்காமல் எடுத்து மாட்டிக்கொண்டு போனாள்.

2013ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இருபத்தாறாம் தேதி செவ்வாய்க்கிழமை, முதல் ஷிஃப்டில், காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கீல் கம்பெனியின் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் இந்துஜாவின் வலக்கை முழங்கைக்குக் கீழே போயிற்று. அச்சைத் தூக்கியபோது கை உள்ளேயே இருந்தது. செய்தி வந்து சேரும் முன் சௌந்தரம் பதின்மூன்று சிலைகளையும் துடைத்து முடித்திருந்தாள். அன்று மாலை ஆராவமுதன் இருப்புப் பதிவேட்டில் தேதி போட்டு, 'புதுவரவு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.